வேர் அவர்கள் பக்கம், பந்தல் எங்கள் பக்கம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு நவம்பரில் வாரக்கணக்காக எங்கள் பின்பக்கத் தோட்டத்தில் யாரும் சௌசௌ பறிக்கவில்லை. காய் இல்லாமல் இல்லை. பந்தல் முழுக்கத் தொங்கியது. பறிக்க வேண்டிய இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் என் அம்மா, இன்னொருவர் அப்பாவின் அண்ணன் மனைவி, என் பெரியம்மா. நடுவில் கிடந்து வெந்தது நான்தான்.

ஏற்காட்டில் எங்களுடையது ஒரே வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். தோட்டத்துக்குக் குறுக்கே கம்பி வேலி. சௌசௌக் கொடியின் வேர் பெரியம்மா பக்கம், பந்தல் எங்கள் பக்கம். அதனால் ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பறிப்பார்கள். முதல் பறிப்பு சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகப் போகும், அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு. அந்த வருஷம் திடீரென்று விருந்தாளி வந்துவிட, அம்மா அவசரத்துக்கு நாலு காயைப் பறித்துக் கூட்டு வைத்துவிட்டார். அந்த வாரத்திலிருந்து பெரியம்மா வேலிப் பக்கமே வரவில்லை.

"நாலு காய்க்கு இத்தனை வீம்பா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டுமே" என்று அம்மா பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்கத்தான் ஆள் வரவில்லை. அம்மாவால் சும்மா இருக்கவும் முடியவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் தோட்டத்தில் காட்டினார். முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் ஒரே வாரத்தில் காலி. கொத்தமல்லியைக்கூட வேரோடு பிடுங்கிவிட்டார். பந்தலை மட்டும் தொடவில்லை. அரை மணிக்கொரு தரம் பின்கதவைத் திறந்து, அந்தப் பக்கம் இருமல் சத்தமாவது கேட்கிறதா என்று நின்றுவிட்டுத் திரும்புவார். எனக்கோ பெரியம்மா வீட்டு முறுக்கு இல்லாமல் பள்ளிக்கூடம் விட்டு வருவதே பிடிக்கவில்லை. காய்கள் முற்றிக் கொடியிலேயே முளை விட்டன. மழையில் பந்தல் நாளுக்கு நாள் தாழ்ந்தது. படுத்தால் அது முறிகிற சத்தம் கேட்பதுபோலவே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் நிஜமாகவே ஒரு கம்பு முறிந்தது. பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. கட்டைப்பையை எடுத்தேன், எட்டின காயையெல்லாம் பறித்தேன், முள் கையைக் கிழித்தது, கிழிக்கட்டும் என்று பறித்தேன். கம்பி வேலியில் நான் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. பையை இழுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன்.

அலமாரியில் ஒரு டம்ளர்கூட இல்லை. பாத்திரங்கள் கோணிச் சாக்குகளில் கிடந்தன, சாக்குகளின் வாய் தைத்திருந்தது. சுவரில் படங்கள் இல்லை. கட்டிலைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நவம்பரில் ஒரு வீடு இப்படி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள். அட, நம்மை முந்திக்கொண்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாகப் போய்விட்டது.

கையில் சணல் கயிறோடு உள்ளிருந்து வந்த பெரியம்மா, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்தக் கலருங்க பெரியம்மா?" என்றேன்.

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு கண்ணு. எது அடிச்சா நல்லாருக்கும்?"

"ரோஸுங்க."

"செரி சாமி, ரோஸே அடிச்சிரலாம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு தூசி இருந்தால் யாருக்குத்தான் கண் கலங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா வீட்டுக்கு ரோஸ் கலர் அடிக்கிறார்கள், சாக்கையெல்லாம் தைத்தே வைத்துவிட்டார்கள், கட்டிலைக்கூடக் கழற்றியாகிவிட்டது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அம்மாவின் கை நின்றது.

"சாக்கைத் தெச்சா வெச்சிருக்காங்க?"

"ஆமாங்மா. சணல்ல."

அம்மா எழுந்தார். வாசல் வழியாகப் போகவில்லை. நான் நுழைகிற அந்த இடைவெளியில் தானும் நுழைந்தார். கம்பியில் மாட்டிப் புடவை கிழிந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயமும் குஷியும் ஒன்றாக வந்தன. ஒரு வழியாகச் சண்டையை நேரில் போடப்போகிறார்கள்!

நடந்தது என்னவென்று பெரியம்மாவே என்னிடம் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காட்டேஜ் கட்ட இடம் தேடி வந்த ஒருவருக்குப் பெரியப்பா தன் பாதி வீட்டை விற்கப் பேசி முடித்திருந்தார். சேலத்தில் மகன் வீட்டோடு போய்விடுவதாகத் திட்டம். பத்திரம் முடிகிறவரை தம்பி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று பெரியம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்தே பெரியம்மா வேலிப் பக்கம் வரவில்லை. நாலு காய் குறைந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு நான் வேலியோரம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "எங்கிட்டக்கூடச் சொல்லலீங்களேக்கா" என்று அம்மாவின் குரல் ஒரு தரம் ஓங்கிக் கேட்டது. அப்புறம் பெரியம்மா அழுகிற சத்தம். அம்மாவின் சத்தம் அதற்குப் பிறகு வரவே இல்லை. வெகு நேரமாகியும் அவர் திரும்பவில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். அவர் இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டுமே!

"அப்பா, சண்டை முடிஞ்சிருச்சுங்க. பெரியம்மாதான் அழுவறாங்க. அம்மா ஜெயிச்சிட்டாங்க."