சிவப்பு வட்டத்துக்குள் ஒரு டிபன் பாக்ஸ் மூடி

தேர்தல் வந்தால் வாக்குச் சீட்டு எண்ணும் வேலைக்குத் தபாலாபீஸ் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். சலித்துக்கொண்டேதான் போவார், கூப்பிடாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

அவருடைய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஓட்ட பஸ் இல்லாததால் நாள் முழுக்க டிவியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் மாலை, செய்தியில் ஒரு படம். எண்ணும் கூடத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து, மேஜைக்கடியிலிருந்து எதையோ எடுத்துப் பைக்குள் போடுகிறாள். சிவப்பு வட்டம், தடதடவென்று இசை, 'எடுத்தது என்ன?' என்று கொட்டை எழுத்தில் கேள்வி வேறு.

"பாத்தியா! பட்டப்பகல்ல ஓட்டைத் திருடறா. இவளையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும். இனிமே செத்தாலும் ஓட்டுப் போட மாட்டேன். தெரு வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டுட்டேன்!" என்று கொதித்தார் டிரைவர்.

நாளைக்கு எந்த முகத்தோடு தபாலாபீஸ் கவுன்டரில் உட்காருவது என்று அம்மாவுக்குக் கவலை. கொடியில் கிடந்த பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து, டிவிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

டிரைவர் டிவியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீங்க கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸோட மூடிங்க. அரைகுறையா மூடினா உருண்டு ஓடாம என்ன செய்யும்?"

மனிதர் அசடு வழிந்தார். டிவிக்காரர்களுக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்டது. குரூப்பில் எழுதினார்: 'அந்தத் திருடி என் சம்சாரம். திருடினது எங்க வீட்டு மூடி. தப்பு என்மேல.' அதோடு விடாமல் வீடு வீடாகவும் போய்ச் சொன்னார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த தேர்தலில் டிரைவர் முதல் ஆளாக ஓட்டுப் போட்டார். எண்ணும் நாளில், பொதுமக்கள் நின்று பார்க்கக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு சார். டிவியில சொன்னான்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நான் காலையிலேருந்து இங்கயேதான் நிக்கறேன். நீங்களும் நின்னு பாருங்களேன்."

அந்த நேரம் பார்த்து மேஜைக்கடியில் கணீரென்று ஒரு சத்தம். அம்மா குனிந்தார். பக்கத்துக்காரர் செல்போனைத் தூக்கினார்.

"ஐயையோ, அது டிபன் பாக்ஸ் மூடிங்க! இன்னிக்கும் நான்தான் மூடினேன்!" என்று கத்தினார் டிரைவர்.

கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தபாலாபீஸ் அம்மா மூடியை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.