நாற்பதுக்கு ஒரு தப்பு

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் ‘ஜன்னல்’ என்று பேர். பதினோராவது மாடியில் ஜன்னலோர நாற்காலி அவருக்கு. கீழே ரயில் பெட்டிகளைக் கோர்ப்பதும் பிரிப்பதுமாக இருக்கிற ஒரு யார்டு. மத்தியான வெயிலில் ஓர் என்ஜின் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும். அதே பெட்டிகளைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பதினோரு வருஷமாக இந்த மனுஷனுக்கு எந்தப் புண்ணியவான் சம்பளம் கொடுக்கிறான் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

துறைமுகங்களிலிருந்து எடைப் பட்டியல்கள் வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசில். அவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றி அடுத்த மேஜைக்கு அனுப்புவது இவர் வேலை. அங்கே ஓர் அக்கா. பட்டியல் வெளியே போகுமுன் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது அவர் வேலை. “உன் வீட்டுக்காரனுக்குக் கை கீபோர்டுல, மனசு யார்டுல” என்று என்னிடம் சிரிப்பார்.

போன மாதம் இந்த வேலை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். அங்கேயும் ஆள் செய்யப்போவதில்லை, மிஷின்தான். இவருடைய ஒன்பது வருஷக் கோப்புகளை, எந்த நிமிஷம் என்ன செய்தார் என்பது உட்பட, அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் வெள்ளோட்டம். மிஷின் நன்றாகவே செய்தது. ஆனால் நாற்பது பட்டியலில் ஒன்றில் மட்டும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறின. தினமும் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் சும்மா நின்றது. அங்கிருந்த கெட்டிக்காரர்களெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

வெள்ளோட்டம் முடிந்த அன்று சாயங்காலம் நான் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொடியில் கிடந்த போர்வை காற்றில் மெல்ல எழும்பி அடங்கியது. அதைப் பார்த்தபடியே இவர் பேச ஆரம்பித்தார்.

“ரெண்டாவது வருஷமே ஒரு ப்ரோக்ராம் எழுதிட்டேன். அதுதான் எல்லாத்தையும் செய்யுது. விட்டா கால் மணி நேரத்துல முடிச்சிடும். தெரிஞ்சா என்னை எதுக்கு வெச்சுக்கப்போறாங்க? அதான் மெதுவா ஓட வெச்சேன். மூணு மணிக்கு டீக்கு நிக்க வெச்சேன். ஆள் செஞ்ச மாதிரி இருக்கணும்னு நாப்பதுக்கு ஒரு தப்பும் வெச்சேன்.”

“களைச்சுப்போய் வர்றீங்களேன்னு காலெல்லாம் பிடிச்சு விட்டேனே, பாவி மனுஷா!”

ஒன்பது வருஷம் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. கோபத்தில் அவர் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

மேலாளர் இவரிடம் சொன்னது இதுதான்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால், மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவருக்கு. தப்பு நின்றுபோனால் அக்காவின் மேஜை தேவையில்லை. சொல்லாவிட்டால் மிஷின் இப்படியே ஓடும், திருத்த அக்கா இருப்பார், இவர் கிளம்பலாம்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க” என்றேன். நான் யோசிக்கவே இல்லை. அக்காவை எனக்குப் பிடிக்கும். என் வீட்டை அதைவிடப் பிடிக்கும்.

மறுநாள் வந்து, “தெரியல சார்னு சொல்லிட்டேன்” என்றார். நல்லவராக இருப்பதற்கு இவர் என் வயிற்றிலா அடிக்க வேண்டும்? அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அந்த வெள்ளிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் வீட்டு ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஆளில்லாத சந்து, ஒரு பூனை, ஒரு தண்ணீர் லாரி. அதையும் யார்டைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை வழியாக வந்த வெயில் அவர் மடியில் தூங்கியது. என் போன் அடித்தது. அடுப்படிக்குள் போய் எடுத்தேன்.

“மணி மூணும்மா. மிஷின் டீ குடிக்கப் போயிருக்கு. எனக்கும் பத்து நிமிஷம் கிடைச்சுது” என்றார் அக்கா. “காலையிலேருந்து மூணு தப்பு திருத்திட்டேன். மூணும் உன் வீட்டுக்காரனோடதுதான்.”

நான் குரலைத் தாழ்த்தினேன். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“நாப்பதுக்கு ஒண்ணு, பிசகாம வருது. மனுஷன் அப்படி எண்ணி எண்ணியா தப்புப் பண்ணுவான்? ஆரம்பத்துலயே புரிஞ்சுபோச்சு. சொன்னா அவன் பொழப்பு போயிடுமேன்னு இருந்துட்டேன். இந்தத் தடவை அவனே சொல்லிடுவான்னுதான் நெனச்சேன். சொல்லியிருந்தாலும் நான் தப்பா எடுத்திருக்க மாட்டேன்மா.”

அவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்பதற்குள், “மிஷின் வந்துடுச்சு, வெக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சை நிறுத்தினதிலிருந்து இதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியை நகர்த்தி எனக்கும் ஜன்னலில் இடம் விட்டார்.

“மணி மூணு பத்து ஆயிடுச்சா?” என்று கேட்டார்.

“ஆயிடுச்சு.”

“அப்போ அக்காவுக்கு வேலை வந்திருக்கும்” என்றார்.