கருத்தக்கண்ணன் போட்ட பூட்டு

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணனுக்கு, வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்: மூன்று கம்ப்யூட்டர், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தட்டலாம். வக்கீல் குமாஸ்தா முத்துராமலிங்கம் கெடு முடிந்த மனுவுக்காகக் கம்ப்யூட்டரின் தேதியை முந்தாநாளுக்குத் தள்ளிவிட்டுப் போவார். வாழைக்காய் வியாபாரி ஒருவர் ஜாதகம் பார்க்கிற சாஃப்ட்வேரை இறக்க, திரை முழுக்கச் சீன எழுத்து வந்து உட்கார்ந்தது. கேட்டால், "காசு குடுத்துத்தானப்பா உக்காந்திருக்கோம்" என்பார்கள்.

போன ஆடியில் கருத்தக்கண்ணன் ஒரு பூட்டு சாஃப்ட்வேர் போட்டார். யார் எதை மாற்றினாலும் சரி, ஒருமுறை அணைத்துப் போட்டால் பூட்டிய அன்று இருந்தபடியே கம்ப்யூட்டர் எழுந்து வரும். பாஸ்வேர்டு இருந்தால் மட்டுமே எதையும் நிலையாக மாற்றலாம். அது தனக்கே தெரியக் கூடாது என்றும் முடிவெடுத்தார். தெரிந்தால், யாராவது கெஞ்சும்போது மனசு இளகிவிடுமே! மனைவி அனுசுயாவை அதை டைப் அடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆறு மாதம் சொர்க்கம். தையில் பழைய பிரிண்டர் மண்டையைப் போட்டது. புதுசு வாங்கி மாட்டினார். நன்றாகத்தான் ஓடியது. கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டருக்கு அது யாரென்றே தெரியவில்லை. மறுபடி இருபது நிமிஷம் உட்கார்ந்து அறிமுகம் செய்து வைத்தார். மறுநாள் கரண்ட் ஏழு தடவை போனது. மனுவோடு வந்தவர்களெல்லாம் அடுத்த கடைக்கு நடந்தார்கள். இப்படியே போனால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஜீவனோ பதினைந்து நாளாகச் சின்னமனூரில், அண்ணன் வீட்டில். காரணம் பீரோ. ஜன்னலை மறைத்து நின்ற பீரோவை அனுசுயா தள்ளி வைப்பாள். விடிந்ததும் அவர் பழைய இடத்துக்கே நகர்த்திவிடுவார். ஒன்பதாம் தடவை அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கருத்தக்கண்ணன் சின்னமனூருக்கு ஓடினார்.

"கரண்டு போகும்போதெல்லாம் புதுப் பிரிண்டர கம்ப்யூட்டரு மறந்துருது. பாஸ்வேர்ட மட்டும் சொல்லிரு தாயி. கடையே போயிரும் போல இருக்கு."

"பீரோ எங்கன இருக்கு?"

"பழைய எடத்துலதான்" என்று முனகினார்.

"நான் என்னத்த மாத்துனாலும் விடிஞ்சா பழையபடி ஆயிருது. அந்தப் பிரிண்டரு நெலமதான் எனக்கும். அதுக்காச்சும் பஸ்ஸேறி வந்து கேக்க நீங்க இருக்கீக."

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பீரோவைத் தானே தள்ளி வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினார். "பத்து நாளு அங்கனயே இருக்கட்டும், பாப்போம்" என்று பதில் வந்தது. பத்து நாளும் காலையில் கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவிடுவார். அங்கே பிரிண்டரை அறிமுகம் செய்து வைப்பார்.

பதினோராம் நாள் அனுசுயா வந்தாள். வீட்டில் பீரோவைப் பார்த்துவிட்டு, நேரே கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கருத்தக்கண்ணன் கண்ணை மூடவில்லை. அவள் இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டியதைக் கூட்டிப் படித்தார்: 'பீரோவநகத்துங்க.'

"ஆடியிலயே சொல்லிட்டேன். நீங்கதான் கண்ண மூடிக்கிட்டீக" என்றாள்.