இரண்டாவது வாய்க்குழாய்

வாருங்கள். சோமனூருக்கு அருகே ஒரு தோட்டத்துக் கிணற்று விளிம்பில் வந்து நில்லுங்கள். அங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும். நான் சொல்லப்போவது கற்பனையன்று. பேய் என்று ஒன்றில்லை என மேடைதோறும் முழங்கியவள் நான். அந்தக் கொள்கையை இன்றும் கைவிடவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதை மறைத்தால் நான் பேசிய பேச்செல்லாம் பொய்யாகிவிடும்.

காற்றுச் சிலிண்டருடன் கடலில் முக்குளிக்கப் பயின்றவள் நான். பிறகு ஒன்பது ஆண்டுகள் நீருக்குள் இறங்கவே இல்லை. கிணறுகளில் விழுவோரை மீட்கும் தன்னார்வக் குழுவில் சேர்வதற்காக, சென்ற ஐப்பசியில் மீண்டும் துணிந்தேன். வீட்டிலிருந்த பழைய சாதனங்கள் உதவவில்லை. ரப்பர் வெடித்திருந்தது, மிதவை ஜாக்கெட் என் உடம்பைச் சுற்றி வர மறுத்தது. பீளமேட்டில் மனோஜ்குமார் என்பவர் நடத்தும் பழைய சாதனக் கடைக்குப் போனேன்.

அவசரப்படவில்லை. மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து, மூக்கால் இழுத்து, அது ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தேன். சிலிண்டரின் கழுத்தில் ஆயுத பூசைக்கு அப்பிய சந்தனம், சோதனைத் தேதியை மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் படித்த பிறகே எடுத்தேன். ஆனால் சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் ஒன்று குறைந்தது. துணைக்கு வருபவரின் காற்றுத் தீர்ந்துவிட்டால் கவ்விக்கொள்ளக் கொடுக்கும் இரண்டாவது வாய்க்குழாய் இல்லை.

"ஏனுங்க, இன்னொண்ணு எங்கீங்க?"

"அதையெல்லாம் கழட்டித் தனியா வித்துப்போட்டமுங்க அம்மணி. இங்க யாருங்க கடலுக்குப் போறாங்க? மோட்டார் எடுக்கக் கெணத்துல எறங்கறவங்கதான வாங்கறாங்க. ஒத்த ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு வாயி?"

"துணைக்கு வர்றவனுக்கு?"

"அவன் மேல நின்னு பீடி குடிப்பானுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உறை பிரிக்காத புதுக் குழாய் ஒன்றை, மஞ்சள் நிறத்தில், என் கண்ணெதிரே மாட்டச் செய்தேன். எவர் வாயும் அதில் பட்டதில்லை.

மறுநாள் பயிற்சிக்காக, காளிச்சாமி என்ற விவசாயியின் கிணற்றுக்குப் போனோம். எங்கள் குழுவைச் சேர்ந்த ஜெஃபின் கயிற்றைப் பிடிக்க வந்திருந்தான்.

"நல்ல கெணறுங்க. ஒரு வில்லங்கமும் கெடையாதுங்க" என்றார் காளிச்சாமி. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவி வள்ளியாத்தாள் தென்னைக்கு அப்பால் நின்றார். கிணற்றுப் பக்கம் ஓரடியும் வரவில்லை.

நேரம் பகல் 11.40. நல்ல வெயில். கயிற்றை இருமுறை சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அதுதான் பேச்சு.

இறங்கினேன். பச்சை வெளிச்சம் மெல்லக் கறுத்தது. நாற்பதடி ஆழத்தில் தரை தட்டியது. இழுத்தால் 'ஸ்ஸ்ஸ்'. விட்டால் 'குபுகுபு'. ஒன்பதாண்டுக்குப் பின் அந்த ஒலியைக் கேட்டு மகிழ்ந்தேன்.

பிறகுதான் கவனித்தேன். நான் மூச்சை விடும்போது குமிழிகள் எழுந்தன. சரி.

நான் இழுக்கும்போதும் எழுந்தன...

வலப்பக்கம் திரும்பினேன். தொங்க வேண்டிய மஞ்சள் குழாய் தொங்கவில்லை. விறைப்பாக நீண்டிருந்தது. நுனியை யாரோ கவ்வியிருப்பதைப் போல...

பழுது என்றது அறிவு. பழுதானால் காற்று இடைவிடாமல் பீறிடும். இது பீறிடவில்லை. இழுத்தது... விட்டது... இழுத்தது...

அவசரமாக. தவிப்போடு.

மீதிக் காற்றைக் காட்டும் அளவியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. என் ஒருத்தியின் மூச்சுக்கு அவ்வளவு வேகம் ஏது?

பிடுங்கக் கை நீட்டினேன். பாதியில் இழுத்துக்கொண்டேன். பிடுங்கினால் அது அடுத்து எதைப் பற்றும்?

என் வாயிலிருப்பதை அல்லவா...

முள் சிவப்பைத் தொட்டது.

கயிற்றைச் சுண்டினேன். ஒன்று... இரண்டு...

எழுந்தேன். மெல்ல. மிக மெல்ல. குழாய் என்னைக் கீழே இழுத்தது.

ஸ்ஸ்ஸ்... குபுகுபு...

அது என் மூச்சன்று.

சட்டென்று குழாய் துவண்டது.

குமிழிகள் நின்றன.

மேலே வந்தபோது ஜெஃபினின் உள்ளங்கைகள் கன்றியிருந்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் தண்ணீரைப் பார்த்தான்.

"அக்கா... கூட யாருங்க?"

"யாருமில்ல."

"ரெண்டாள் கனம் கனத்துச்சுங்க. பாதியில கயிறு லேசாயிருச்சு."

மஞ்சள் குழாயைத் திருப்பினேன். புது ரப்பரில் பற்கள் பதிந்திருந்தன. ஆழமாக. மேல்வரிசையில், முன்னால், ஒரு பல்லுக்கு மட்டும் தடமில்லை. என் பற்கள் முழுதாக இருக்கின்றன.

அதை எவருக்கும் காட்டவில்லை. வள்ளியாத்தாள் அங்கிருந்தே கேட்டார்.

"முன்பல்லு ஒண்ணு இருக்காதுங்களே கண்ணு?"

"ஏ வள்ளி, ஊட்டுக்குப் போ!" என்று கத்தினார் காளிச்சாமி.

அந்த அம்மையார் போகவில்லை. "போன வைகாசியில மோட்டார் சிக்கிக்கிச்சுங்க. ஒருத்தன் காத்துச் சிலிண்டரோட எறங்கி ஒயர்ல மாட்டிக்கிட்டான். மெக்கானிக்கு இளவேனிலு வெறும் ஆளாக் குதிச்சு அறுத்துவுட்டான். ஒத்தக் குழாயை மாத்தி மாத்திக் கவ்விக்கிட்டே வந்திருக்காங்க. கயிறு அந்த மொதல் ஆளு இடுப்புல மட்டுந்தானுங்க இருந்துச்சு. மேல இழுத்தாங்க... பாதியில லேசாயிருச்சு கண்ணு."

மீதியையும் அவரே சொன்னார். இளவேனில் வேலையின்போது இறந்தான் என்று எழுதினால் காளிச்சாமி இழப்பீடு தர வேண்டும். ஆகவே குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று போலீஸ் வழக்கில் எழுதவைத்து முடித்தார்கள். அவன் குடிக்காதவன். இன்று அவன் மனைவி நித்யஸ்ரீ, குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே தறி ஓட்டுகிறாள்.

கிணற்றில் நடந்ததற்கு என்னிடம் விளக்கமில்லை. விளக்கத்துக்காகக் காத்திருக்கவும் நான் தயாராக இல்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய மனிதனை வழக்கில் குடிகாரனாக்கியிருக்கிறார்கள். படித்துவிட்டுப் பயந்து போர்த்திக்கொள்ளாதீர்கள். எழுந்திருங்கள். கலெக்டருக்கு மனு எழுதுங்கள். அந்தப் பொய்யை அடித்துவிட்டு உண்மையை எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை கேளுங்கள்.

அதுவரை அந்தக் கிணற்றில் எவரும் இறங்காதீர்கள்.