நான் 'தவறு' என்று போட்ட நாற்பது வாக்கியங்கள்

பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் கருவி வெளிநாடுகளில் எப்போதோ வந்துவிட்டது, தமிழுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம் என்று யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குறுகும்.

ஓசூரில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. அந்தக் கருவிக்குத் தமிழ் பழக்க, ஆட்களை வாக்கியங்கள் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வோம். ஹெட்போனில் கேட்டு 'சரி', 'தவறு' என்று போடுவது நான். ஒரே மொழியில் சுத்தமான குரல் எங்கே ஏராளமாகக் கிடைக்கிறதோ, வாங்குகிறவர்கள் எங்கே அதிகமோ, அங்கேதான் கருவியை முதலில் விடுவார்கள் என்பார் மேலாளர். எங்கள் பக்கத்திலோ ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜவளகிரியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவையும் படிக்க வைத்தேன். அலாரம் வைக்கச் சொல்லும் நாற்பது வாக்கியங்கள், எல்லாவற்றிலும் எண். எழுத்தைத் தமிழில் படித்தவள், எண்ணைக் கண்டதும் மாமியார் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விட்டாள். '8 மணிக்கு எழுப்பு' என்பது 'எனிமிதி மணிக்கு எழுப்பு' ஆனது. ராகி மூட்டையையும் ஆட்டையும் வருஷக்கணக்காகத் தெலுங்கில் எண்ணிப் பழகியவள்.

"இருடா, இன்னொருக்கா சொல்றேன்" என்று சிரித்தாள். மறுபடியும் அதேதான்.

நாற்பதுக்கும் 'தவறு' போட்டேன். அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே! பெரிய நேர்மைக்காரன் நான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் அக்கா போய்விட்டாள். வீட்டில் இருந்தது பட்டன் போன். அதில் அவள் குரல் எதுவும் இல்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, உங்க ஆபீஸ்ல அம்மா பேசுனது இருக்குமில்ல?"

மேலாளரிடம் ஓடினேன். தவறு என்று போட்டவற்றை மாதக் கடைசியில் அழித்துவிடுவார்களாம். "அதை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்றார். நியாயமான கேள்விதான்.

அன்றிலிருந்து வேலை எனக்கு நரகம். ஒவ்வொரு பதிவிலும் பேச்சு தொடங்குமுன் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம் லேசாகக் கேட்கும். அது அக்காதான் என்று சத்தத்தைக் கூட்டுவேன். பிறகு வேறு யாரோ பேசுவார்கள். தெரிந்தும் அடுத்த பதிவிலும் கூட்டுவேன். ஒரு நாளைக்கு நூறு தடவை அவளைச் சாகக் கொடுக்கிறேன்.

கருவி தமிழ் பேசத் தொடங்கியபோது சக ஊழியர்கள் கேக் வெட்டினார்கள். நான் ஜவளகிரிக்கு பஸ் ஏறினேன். குழந்தையிடம் எத்தனை நாள் மழுப்புவது?

"அழிச்சிட்டாங்க கண்ணு. தப்பா இருந்தா வெச்சுக்க மாட்டாங்க."

"அம்மா என்ன தப்பாப் பேசுனாங்க?"

வாங்கி வந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். அவள் விடவில்லை.

"தப்புன்னு யாரு மாமா சொன்னது?"

"வெளிநாட்டுக்காரங்க" என்றேன்.

நம்பிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களைத் திட்டினாள்.