நடுவானில் அணைந்த வெள்ளி

இருட்டிச் சற்று நேரம் ஆகியிருந்தது. முத்தையாபுரத்து வீட்டு மொட்டைமாடியில் நின்று, விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவானில் அது சட்டென்று அணைந்தது.

ஏழு வயதில், கடற்கரை வீட்டு வாசலிலிருந்து இதேபோல் ஒரு வெளிச்சம் நகர்ந்துபோய் அணைவதைப் பார்த்தேன். அப்பா அன்று கடலில். “வெள்ளி இடம் மாறாது ஏளா. அதப் பாத்துத்தான் நாங்க கரைக்கு வாரோம்” என்று ஒரு நட்சத்திரத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். அவருடைய வெள்ளிதான் போய்விட்டது என்று நினைத்தேன். ஆள் கடலில் இருக்கும்போது கெட்டதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய அம்மா கேட்டாள்: “ஏளா, அண்ணாந்து என்னத்தப் பாக்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

விடியும்வரை போர்வைக்குள் படகுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன்.

காலையில் அப்பா வலையில்லாமல் வந்தார். “கப்பல் லைட்டு எங்க மேல ஏறி வருதுன்னு வலைய அறுத்துட்டு ஓடுனோம். பாத்தா அது வானத்துல போவுது!” என்று சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இன்று இயற்பியல் ஆசிரியை. அந்த வெளிச்சம் பூமியின் நிழலுக்குள் நுழைவதைக் கரும்பலகையில் பெருமையாக வரைந்து காட்டுகிறவள். இருந்தும் அப்பாவை போனில் அழைத்தேன். இன்றும் கடலில்தான் இருக்கிறார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு குரல்.

“ஏளா, மேல என்ன செய்த?” அம்மா கீழிருந்து கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.