பேணி பொறுக்கிய சந்தில் ஒரு படம்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, இலை கொட்டுகிற மாதம். கனடாவில், மொன்றியல் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் மகனோடு இருந்தேன். மகன் ஒரு குறையும் வைக்கவில்லை. என்றாலும் கைச்செலவுக்கு இன்னொருவர் கையைப் பார்ப்பது எனக்குச் சரிவராது. காலையில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தொடர்மாடிகளின் பின்சந்தில், கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தருகிற, சோடா குடித்த வெறும் தகரப் பேணிகளைப் பொறுக்குவேன்.

அதே சந்துக்கு வீடுவாசல் இல்லாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் வருவார். பேணி எனக்கு, போத்தல் அவருக்கு. பாஷை இல்லாமலே அப்படி ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. 'பொன்ஜூர்' என்கிற பிரெஞ்சு வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை.

ஒரு சனிக்கிழமை குப்பைத் தொட்டிக்குள் குனிந்து நிற்கிறேன், பக்கத்தில் கிளிக் என்று சத்தம். கமராவோடு ஒரு இளைஞன். வந்த கோபத்தில் தமிழிலேயே ஏசினேன். பார்த்தால் அவன் தமிழ்நாட்டுப் பிள்ளை.

"சாரிம்மா. தெருவுல வாழ்றவங்கள கறுப்பு வெள்ளையில எடுத்து ஒரு கண்காட்சி வைக்கப்போறேன்."

"நான் தெருவில இருக்கிறனெண்டு ஆர் உனக்குச் சொன்னது? கோயில் சனம் பாத்தா என்ர மகன் எப்பிடித் தலை நிமிர்ந்து திரியிறது?"

அவன் கமராவின் முதுகைத் திறந்து, பிலிம் சுருளை வெளிச்சத்தில் உருவி என் கையில் தந்தான். அன்று எடுத்ததெல்லாம் அதோடு போயிற்று. என் கோபமும் போயிற்று.

"நில், வாறன். எடுக்கிறதெண்டா ஒழுங்கா எடு" என்று மேலே எங்கள் வீட்டுக்குப் போய், பெருநாள் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து செங்கல் சுவரோரம் நிமிர்ந்து நின்றேன். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் அப்படித்தான். அவன் புதுப் பிலிம் போட்டான்.

கிழவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை நனைத்துத் தலைமயிரை வாரினார். அவனிடம் ஏதோ கேட்டார்.

"உங்க பக்கத்துல நிக்கலாமான்னு கேக்குறாரும்மா. அவர இப்படி நிக்கவச்சு யாரும் படம் எடுத்ததே இல்லையாம்."

என் மனுசன் போன பிறகு எந்த ஆம்பிளைக்குப் பக்கத்திலும் நின்று நான் படம் எடுத்ததில்லை. சனம் என்ன கதைக்குமோ என்று யோசித்தேன். அவரோ சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிவிட்டு, மறுமொழிக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லு. ஒரு முழம் தள்ளி நிக்கட்டும்" என்றேன்.

அந்தப் படத்தைக் கண்காட்சியில் வைக்கச் சொன்னதும் நான்தான். அதற்கு முன் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு பிரதி இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிற சனம் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்கும். என்னோடு வேலை செய்தவர் என்பேன். அதைச் சொல்வதில் என் மானத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.